கிழக்கே வளையும் கத்தி

அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரெய்னோ தன் பழைய பிக்கப் வண்டியை எங்கள் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். இறங்கியதும் முற்றத்தோரம் இருந்த கத்திப் பட்டறையைப் பார்த்தான். வீட்டைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"கால்ல இருக்கிற சேத்த அங்கயே தட்டிட்டு வா," என்றேன்.

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா ஹெல்மி? பட்டறைக்குத்தான கூப்பிட்ட, சர்ச்சுக்கா கூப்பிட்ட?"

"முதல்ல காப்பி குடிக்கலாம்னு பார்த்தேன். சேத்தோட உள்ள வந்தா காப்பி கிடையாது."

சமையலறையில் கரண்டி எடுக்க அவன் இழுப்பறையோடு மல்லுக்கட்டினான். அது எங்கள் அப்பா அடித்த இழுப்பறை. கொஞ்சம் தூக்கி இழுத்தால்தான் திறக்கும், நேராக இழுத்தால் முரண்டு பிடிக்கும். ரெய்னோ நேராகவே இழுத்துக்கொண்டிருந்தான்.

"தூக்கி இழுடா. எத்தன வருஷமா இந்த வீட்டுல காப்பி குடிக்கிற, இன்னும் இது தெரியல."

"ஆர்விதான எப்பவும் எடுத்துக் குடுப்பான்," என்றான். நானே இழுப்பறையைத் தூக்கி இழுத்து ஒரு கரண்டியை எடுத்துக் கொடுத்தேன்.

ஆர்வி என் தம்பி. போன நவம்பரில் மான் வேட்டை தொடங்கிய அன்று காலை இதே சமையலறையில் ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றுவிட்டுப் போனவன். திரும்பவில்லை. கூடப் போனவன் அவன் சிநேகிதன் ரெய்னோ. வீட்டுக்குப் பின்னால் மரம் வெட்டும் பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், "நான் மேக்கால சதுப்புப் பக்கம் போறேன்" என்று சொல்லிவிட்டு ஆர்வி தனியாகப் போனதாக ரெய்னோ எல்லோரிடமும் சொன்னான். மத்தியானமே பனி கொட்டிவிட்டது. ஊரே மேற்குச் சதுப்பைச் சல்லடை போட்டுச் சலித்தது. ஒரு தொப்பிகூடக் கிடைக்கவில்லை.

ரெய்னோ அழுதான். அதை நான் பார்த்தேன். ஆனால் அழும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதையும் நான் பார்த்தேன்.

எங்கள் வேட்டைக் கேம்ப்பில் ஒரு பழக்கம் உண்டு. அங்கே படுக்கிறவர் இடுப்பில் அவரே செய்த கத்தி தொங்க வேண்டும். கடைக் கத்தியோடு வந்தால் சீசன் முழுக்கப் பாத்திரம் கழுவ விட்டுவிடுவார்கள். இந்த வருஷம் ஆர்வியின் படுக்கையில் நான் படுக்கப்போகிறேன், அதற்கு ஒரு கத்தி செய்யச் சொல்லிக்கொடு என்று ரெய்னோவைக் கூப்பிட்டிருந்தேன். ஊருக்குச் சொன்ன காரணம் அது. உண்மைக் காரணம் வேறு. சந்தேகப்பட்டவனைத் தூர நிறுத்தினால் என்ன தெரியும்? பக்கத்தில் வைத்து, கையில் வேலை கொடுத்துப் பேச விட்டால் எப்போதாவது வாய் தவறும். என் தம்பியை இவன் என்ன செய்தான் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

பட்டறைக் கதவு ஒரு வருஷமாகத் திறக்காமல் உப்பிக்கிடந்தது. ரெய்னோ தோளைக் கொடுத்துத் தள்ளினான். உள்ளே பழைய எண்ணெயும் கரித்தூளும் சேர்ந்த வாசனை. ஆர்வியின் தோல் ஏப்ரன் ஆணியில் தொங்கியது. நான் அதைத்தான் பார்த்தேன். ரெய்னோ பார்த்தது தரையில் இருந்த எண்ணெய்த் தொட்டியை.

கத்தியின் அலகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்கிற நீளமான இரும்புத் தொட்டி அது. ரெய்னோ அதைக் காலால் தள்ளிச் சுவரோரம் ஒதுக்கினான்.

"தோய்க்கிற வேலைய மட்டும் என் வீட்டுல வச்சிக்கலாம்," என்றான்.

"ஏன், இந்தத் தொட்டி கடிக்குமா?"

நான் கேலிக்குத்தான் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

"எல்லாம் இங்கதான்," என்றேன். "ஆர்வியோட தொட்டி, ஆர்வியோட எண்ணெய்."

பழைய அரங்களைத்தான் கத்தியாக்குவோம். அரத்தை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து, மெல்ல ஆறவிட்டால் இரும்பு இளகிக்கொடுக்கும். பிறகு மேஜையோரம் இறுக்கிப் பிடிக்கிற வைஸில் மாட்டி இன்னொரு அரத்தால் ராவிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளங்கை கொப்புளித்தது. ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் மொட்டையாகவும் வந்தது.

"இது என்னது," என்றான் ரெய்னோ, "வெண்ணெய் தடவவா?"

"உன் நாக்கை அறுக்க."

"அதுக்கு இன்னும் கொஞ்சம் கூரா வேணும் தாயி."

இப்படித்தான் பேசினோம். சில நேரம் அவன்மேல் எனக்கிருந்த சந்தேகத்தையே மறந்துவிடுவேன். மறந்ததற்காக வீட்டுக்குப் போய் என்னையே திட்டிக்கொள்வேன்.

முதல் அலகைத் தோய்க்கிற நாள் வந்தது. உலையில் அலகு செந்நிறமானதும் காந்தத்தைக் காட்டிப் பார்த்தோம். ஒட்டவில்லை. ஒட்டாவிட்டால் சூடு சரி. அலகின் முனை வடக்கைப் பார்க்க, வாய்ப்பக்கம் கீழே இருக்க எண்ணெயில் இறக்க வேண்டும். வடக்கே பார்த்துத் தோய்த்தால் கத்தி கோணாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, யாரும் மாற்றிச் செய்ததில்லை. அதனால் தொட்டியை வடக்குத் தெற்காக இழுத்துப் போட்டேன். ரெய்னோ உதவவில்லை.

அலகை இறக்கினேன். எண்ணெய் சீறியது.

எண்ணெயில் சூடான இரும்பு இறங்கினால் பலகாரம் பொரிக்கிற மாதிரி ஒரு வாசனை வரும். இப்போது அது வரவில்லை. வந்தது ஈரக் கல்லின் வாசனை. வருஷக்கணக்காக வெயில் படாத தண்ணீரின் வாசனை.

சீறல் அடங்கியதும் இன்னொன்று கேட்டது. எங்கோ ஆழத்தில், தண்ணீரில் ஒரு கல் விழுகிற சத்தம்.

தொட்டிக்குள்ளிருந்து கேட்டது.

"உனக்குக் கேட்டுச்சா?" என்றேன்.

"எண்ணெய் கொதிச்சா சத்தம் வராதா?" என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது.

அலகை வெளியே எடுத்தோம். அது வலப்பக்கமாக வளைந்திருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, வாழைப்பழம் மாதிரி.

"புதுசாக் கத்துக்கிறவங்களுக்கு முதல் அலகு கோணத்தான் செய்யும்," என்றான் அவசரமாக. "குடு, வீட்டுல வச்சு நிமித்திட்டு வர்றேன்." சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். அது திரும்பி வரவேயில்லை.

இரண்டாவதும் வலப்பக்கம் வளைந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போனான். மூன்றாவதை இரண்டு பக்கமும் ஒரே அளவாக, கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி ராவியிருந்தேன். அதுவும் அப்படியே வளைந்தது, அதையும் எடுத்துக்கொண்டு போனான்.

"ஹெல்மி, நான் ஒரு நல்ல அலகு தர்றேன். நீ பிடி மட்டும் போட்டுக்க. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்ல?"

"பிடிவாதத்துல நீ ஆர்விக்கு அக்காதான்," என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் கேலி இல்லை, பயம்தான் இருந்தது. எதற்குப் பயப்படுகிறான் இவன்? கோணல் கத்தியைப் பார்த்துப் பயப்படுகிற ஆளை நான் கண்டதில்லை.

அவன் வராத ஒரு நாள் காலையில் தனியாகப் பட்டறைக்குப் போனேன். மனதில் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. முனை வடக்கே இருந்தால் வலப்பக்கம் என்பது கிழக்கு. அலகின் முனையைத் தெற்கே வைத்துத் தோய்த்தேன். அப்பா உயிரோடு இருந்திருந்தால் கையில் போட்டிருப்பார்.

அதே ஈர வாசனை. அதே கல் விழும் சத்தம்.

எடுத்துப் பார்த்தேன். இப்போது இடப்பக்கம் வளைந்திருந்தது.

அதுவும் கிழக்குதான்.

இன்னொரு அலகைக் காய்ச்சினேன். தொட்டியைத் திருப்பி, முனையை நேராகக் கிழக்கே காட்டி இறக்கினேன். நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. தேடுகிற திசையைத்தான் காட்டிவிட்டேனே, பிறகு எதற்கு வளைய வேண்டும்?

கிழக்கே ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு அப்பால் வெள்ளை பிர்ச் மரங்கள். அவற்றுக்கு அப்பால், எங்கள் பாட்டன் காலத்தில் கைவிட்ட செம்புச் சுரங்கத்தின் பள்ளம். சுற்றிலும் கம்பிவேலி, உள்ளே தண்ணீர். சின்ன வயதில் ஆர்வியும் நானும் வேலிக்கு வெளியே நின்று கல் எறிந்து, அது விழுகிற சத்தத்துக்குக் காத்திருப்போம்.

அந்தச் சத்தம்தான்.

ஊரே மேற்கே தேடியது. மேற்கே என்று சொன்னவன் ரெய்னோ. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் தம்பி கிழக்கே கிடக்கிறான், அங்கிருந்து இரும்பை இழுத்து இழுத்துக் கூப்பிடுகிறான் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் ரெய்னோ வந்ததும், அவன் பட்டறைக்குள் இருக்கும்போது அவன் வண்டியைத் துழாவினேன். இருக்கைக்கு அடியில் சாக்கில் சுற்றி என் அலகுகள் மூன்றும் இருந்தன. நிமிர்த்தப்படாமல் அப்படியே இருந்தன. சாக்கை அவன் காலடியில் உதறினேன்.

"நிமித்தறேன்னு சொன்னியே. இதுதான் நிமித்துறதா?"

அவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

"கிழக்க என்ன இருக்கு ரெய்னோ?"

"அங்க போகாத."

"என்ன இருக்குன்னு கேட்டேன்."

"எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. அந்தப் பக்கம் மட்டும் போகாத ஹெல்மி, உன்னைக் கெஞ்சிக் கேக்கிறேன்."

கொலைகாரன் வேறு எப்படிக் கெஞ்சுவான்? நான் அப்படித்தான் நினைத்தேன். நேரே துணை ஷெரிஃப் பாஸ்கோவிடம் போனேன். கத்தி வளைந்த கதையைச் சொன்னால் சிரிப்பான் என்று தெரியும். அதனால் ரெய்னோ சுரங்கப் பள்ளத்தைப் பற்றி எதையோ மறைக்கிறான் என்று மட்டும் சொன்னேன். பாஸ்கோவும் ஆர்வியும் ஒன்றாகப் படித்தவர்கள். முக்குளிக்கிற ஆளை வரவழைத்தான்.

ஆர்வி அங்கேதான் இருந்தான். அந்தத் தண்ணீரின் குளிர் அவனை அப்படியே வைத்திருந்தது. துணி விலக்கியபோது தூங்குகிறவன் மாதிரிதான் தெரிந்தான். நான் அவன் நெற்றியைத் தொட்டேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை.

ரெய்னோவை அழைத்துப்போய் உட்காரவைத்து விசாரித்தார்கள். கேம்ப்பில் அவன் படுக்கையைத் தூக்கி வெளியே பனியில் போட்டார்கள். கடையில் அவனுக்குப் பின்னால் வரிசையில் நிற்கக்கூட ஆளில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன்.

ஆர்வியைப் புதைத்த பிறகு பாஸ்கோ வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"ரெய்னோவ விட்டுட்டோம். குண்டுக் காயம் இல்ல, அடி இல்ல, ஒண்ணும் இல்ல. ஆர்வி சட்டை நூல் வேலிக் கம்பியில சிக்கியிருந்துச்சு. அவனாத்தான் ஏறிக் குதிச்சிருக்கான்." சட்டைப் பையிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தான். "இது அவன் கைக்குள்ள இருந்துச்சு. விரலப் பிரிக்கவே முடியல. உனக்குத்தான் சேரணும்."

துணியைப் பிரித்தேன். பிடி போடாத ஒரு அலகு. அடியில் ஆர்வி குத்துகிற சின்ன மீன் முத்திரை.

அலகு வளைந்திருந்தது.

என் அலகுகள் வளைந்த அதே வளைவு. ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் பொருந்தும்.

அவன் அதைத் தோய்த்தபோது உயிரோடு இருந்தான். அப்போது பள்ளத்தில் ஆர்வி இல்லை.

அப்படியானால் அன்றைக்கு இரும்பை இழுத்தது யார்?

அந்த அலகை இழுப்பறைக்குள், கரண்டிகளுக்கு அடியில் வைத்து மூடினேன். பிறகு ரெய்னோ வீட்டுக்கு நடந்தேன். கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்துவிட்டு வழிவிட்டான்.

"அவனுக்கும் இப்படித்தான் வளைஞ்சுதா?"

"அந்த வருஷம் செஞ்சது அத்தனையும்," என்றான் ரெய்னோ. "முதல்ல சிரிச்சான். அப்புறம் சிரிக்கல. யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கு, போய்ப் பார்த்துட்டா நின்னுரும்னான். நான்தான் சண்ட போட்டுத் தடுத்தேன். வேட்டை அன்னிக்கு மேக்கால போறேன்னான். நம்பினேன். மறுநாள் வேலிகிட்ட போய்ப் பார்த்தேன், பனியில ஒரு தடம் இல்ல. அப்ப மேக்கதான் போயிருக்கான்னு மனசத் தேத்திக்கிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்ன செஞ்சிருப்ப?"

வேலி ஏறிக் குதித்திருப்பேன். அது அவனுக்குத் தெரிந்திருந்தது. என்னைக் காப்பாற்றத்தான் அலகுகளைத் திருடினான், அவனை நான் ஊர் முன்னால் கொலைகாரனாக நிறுத்தினேன். அவமானத்தில் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"உன் மூஞ்சில முழிக்க எனக்கு யோக்கியதை இல்ல," என்றேன்.

"இல்லதான்," என்றான். "காப்பி போடட்டுமா?"

வசந்தம் வந்ததும் பள்ளத்தைச் சரளை கொட்டி நிரப்பி மேலே சிமென்ட் போட்டு மூடிவிட்டார்கள். அந்த வருஷ வேட்டைக்கு ரெய்னோவோடு சேர்ந்து கேம்ப்புக்குள் நுழைவது என்று முடிவு செய்தேன். இரண்டு பேர் இடுப்பிலும் அவரவர் இந்தப் பட்டறையில் செய்த கத்தி தொங்க வேண்டும். ஆர்வியின் அக்காவே அவனோடு வருகிறாள் என்றால் ஊர் வாயை மூடிக்கொள்ளும். நான் கெடுத்த பெயரை நானே மீட்டுக்கொடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆளுக்கொன்றாக இரண்டு அலகுகளை ராவித் தயாராக வைத்திருந்தோம். ஒரு நாள் சாயங்காலம், சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்கு விறகு போட்டுவிட்டு உலையை மூட்டினேன். ரெய்னோ காப்பி போட வீட்டுக்குள் போயிருந்தான். வீடு பட்டறைக்கு மேற்கே, பத்தடி தூரத்தில். சமையலறை ஜன்னலில் விளக்கு எரிந்தது.

காந்தம் ஒட்டவில்லை. முனையை வடக்கே வைத்து இறக்கினேன்.

கல் விழுகிற சத்தம் கேட்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

பிறகுதான் ஈர வாசனை வந்தது.

அலகை எடுத்தேன். அது வளைந்திருந்தது, இடப்பக்கமாக.

மேற்கே. வீட்டைப் பார்த்து.

வீட்டுக்குள் இருந்தது ரெய்னோ. பாருங்கள், மனித மனசு எவ்வளவு கேடுகெட்டது. ஒரு நொடியில் பழைய சந்தேகம் முழுசாகத் திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அவனைத்தான் காட்டுகிறதா? இத்தனை நாள் என்னை ஏமாற்றினானா?

"ரெய்னோ," என்று கூப்பிட்டேன். "இங்க வா."

கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். வளைந்த அலகைப் பார்த்ததும் வாசலில் நின்றுவிட்டான்.

"அந்த ஜன்னல்கிட்டப் போய் நில்லு," என்றேன். கிழக்கு ஜன்னலைக் காட்டினேன்.

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. "இன்னுமா ஹெல்மி?" என்று மட்டும் கேட்டான். போய் நின்றான்.

இரண்டாவது அலகைக் காய்ச்சினேன். இப்போது எனக்குக் கிழக்கே ரெய்னோ. மேற்கே, யாரும் இல்லாத வீடு. இறக்கினேன். எண்ணெய் அடங்கும்வரை காத்திருந்தேன்.

எடுத்தேன்.

மேற்கேதான் வளைந்திருந்தது.

ரெய்னோ இல்லை. எனக்கு அழுகை வந்தது. அவனை நம்பலாம், கடைசிவரை நம்பலாம். அவன் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாஸ்கோ குடுத்த அலக எங்க வச்சிருக்க?" என்றான் மெல்ல. "பள்ளத்துக்குள்ள இருந்து இந்த வீட்டுக்கு வந்தது அது ஒண்ணுதான்."

"இழுப்பறையில."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மரம் மரத்தோடு முட்டுகிற சத்தம். யாரோ இழுப்பறையை இழுக்கிறார்கள்.

நேராக இழுக்கிறார்கள்.

ஆர்வியாக இருந்தால் தூக்கித்தான் இழுப்பான். சின்ன வயதிலிருந்து அவன் கை பழகிய இழுப்பறை அது. இது அந்த வீட்டை அறியாத கை. இழுக்கிறது, முட்டுகிறது, நிற்கிறது, மறுபடி இழுக்கிறது.

ரெய்னோ என் கையைப் பிடித்துக்கொண்டான். சமையலறை ஜன்னலில் விளக்கு எரிந்தது, ஆனால் ஆள் நிழல் எதுவும் தெரியவில்லை.

சத்தம் நின்றது.

கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு, சூட்சுமத்தைக் கற்றுக்கொண்டுவிட்ட மாதிரி, இழுப்பறையை லேசாகத் தூக்குகிற சத்தம் கேட்டது. அதன்பின் அது முட்டாமல், மெதுவாக, முழுவதும் திறந்துகொண்டது.